பராக்கு ஓட்டிய பஸ்

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள சாலையில் தினமும் பஸ் ஓட்டியும், அந்தச் சாலையை ஒரு தடவைகூட முழுதாகப் பார்க்காத மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. லைசென்ஸில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், பஸ் முதலாளி, அவருடைய சொந்த மைத்துனன் எல்லோரும் அவரைப் பராக்கு என்றுதான் குறிப்பிட்டார்கள். நேரில் பேசும்போது மட்டும் மரியாதைக்காக 'டிரைவரே' என்றார்கள்.

ஐம்பதுகளின் பிற்பாதியில் எனக்கு விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. குடியிருந்தது திண்டிவனத்தில். ரயில் இருந்தது, ஆனால் அது என் அலுவலக நேரத்தைப் பொருட்படுத்தவில்லை. ஆகவே பஸ். டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில்தான் எப்போதும் உட்காருவேன். அங்கிருந்து அவருடைய பிடரியும், எதிரே தொங்கிய கண்ணாடியில் அவருடைய கண்களும் நன்றாகத் தெரியும். கீழே எழுதியிருப்பது அந்த இடத்திலிருந்து நானே பார்த்தது. கேட்டு எழுதியதைக் கேட்டது என்றே சொல்லிவிடுகிறேன்.

பராக்குக்குக் கவனம் போதாது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருக்கு இருந்தது அளவுக்கு மீறிய கவனம். அதைச் சாலைமேல் நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான். அடர்ந்த நிறமோ மினுக்கமோ திடீர் அசைவோ எங்கே இருந்தாலும் அவருடைய கண்கள் கிளம்பிவிடும். அது சாலைக்குச் சம்பந்தப்பட்டதா என்ற விசாரணையே கிடையாது. கிணற்றடியில் காயும் கிளிப்பச்சைப் பாவாடை, வைக்கோற்போரின் உச்சியில் நிற்கும் வெள்ளாடு, புதுத் தகரக் கூரையில் பட்டுத் தெறிக்கும் வெயில், எல்லாம் அவருக்குச் சமம். முதலில் முகம் திரும்பும். முகத்துக்குப் பின்னால் தோள் திரும்பும். தோளுக்குப் பின்னால் கை. கையில் ஸ்டியரிங் இருக்கும்.

இவ்வளவுக்கும் அவர் ஒரு கோழியைக்கூட இடித்தது கிடையாது. கண் விலகிய அதே கணத்தில் அவருடைய வலது காலும் தானாக மேலே எழும்பிவிடும். பஸ் ஒரு பெருமூச்சு விட்டு, நடக்கிற வேகத்துக்கு இறங்கி, அவர் பார்த்து முடித்த பிறகு மறுபடி ஓடும். விழுப்புரம் போய்ச் சேரும் நேரம் வழியில் எத்தனை பேர் துணி துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

பார்க்க வேண்டிய பொருள் கண்ணில் படாததுதான் விசித்திரம். தார்ச் சாலையின் நடுவில் தார் நிறத்திலேயே படுத்திருக்கும் எருமை அவருக்குத் தெரியாது. கண்டக்டர் காதர் பாய் எட்டிப் பார்த்து "எருமைண்ணே" என்று குரல் கொடுக்க வேண்டும். மாட்டுப் பொங்கலை அடுத்த வாரத்தில் மட்டும் காதர் பாயின் தொண்டைக்கு ஓய்வு. சுற்று வட்டாரத்து மாடுகளெல்லாம் கொம்பில் சிவப்பும் நீலமும் பூசிக்கொண்டு சாலைக்கு வந்திருக்கும். அந்த ஒரு வாரம் பராக்கைப் போல் ஜாக்கிரதையாக வண்டி ஓட்டிய டிரைவர் தென்னாற்காடு ஜில்லாவிலேயே கிடையாது.

கூட்டேரிப்பட்டில் டீக்கு நின்றபோது ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன், எதற்காக இப்படி எல்லாவற்றையும் பார்க்கிறீர்கள் என்று. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

"நான் எங்கங்க பாக்கறேன்? கண்ணு முன்னாடி போயிடுது. நான் பின்னாலயே போய் அதை இட்டுக்கினு வர்றேன்."

"போவாம புடிச்சு வைக்கக் கூடாதா?"

"போனப்புறந்தானுங்களே போச்சுன்னு தெரியுது."

நான் இரண்டு டீக்கும் காசு கொடுத்தேன்.

காதர் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். எந்தப் பஸ்ஸிலும் கண்டக்டர் டிக்கெட் கொடுப்பார். இவர் அதற்கு முன்னால் இன்னொரு வேலையும் செய்தார். வண்டி கிளம்புமுன் உள்ளே ஒரு சுற்று வந்து, பளிச்சென்று இருப்பதையெல்லாம் மூடுவார். கண்ணாடியில் பராக்கின் கண்கள் உள்பக்கமும் வந்துவிடும் என்பதுதான் காரணம். பித்தளைக் குடம் வைத்திருப்பவர் அதன்மேல் துண்டைப் போட வேண்டும். சேவல் கொண்டுவருகிறவர் அதன் கொண்டைக்குத் துணி சுற்ற வேண்டும். ஒலக்கூரிலிருந்து வந்து இந்தப் பஸ்ஸைப் பிடிக்கும் ஒரு மிராசுதாருக்குத் தலை சுத்தமாக வழுக்கை. காலை வெயில் அதில் வந்து உட்காரும். "மொதலாளி, தலையைக் கொஞ்சம் மூடிக்கோங்க, மயிலம் கூட்ரோடு வரைக்கும்" என்று காதர் பாய் பணிவாகச் சொல்லுவார். மிராசுதார் முணுமுணுத்துக்கொண்டே அங்கவஸ்திரத்தைத் தலையில் போட்டுக்கொண்டு, துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். கலியாணம் முடிந்து ஏறிய ஒரு மாப்பிள்ளையின் ஜரிகைத் தலைப்பாகையை இவர் கழற்றச் சொன்னதும், பெண்ணின் மாமன் சட்டைக் கையை மடித்ததும், வண்டியிலிருந்த அத்தனை பேரும் மாமனுக்கு நிலைமையை விளக்கியதும் நான் பார்த்தவை.

அந்தத் தடத்தில் மற்றப் பஸ்களெல்லாம் காகிதப்பூ மாலையும் ஜிகினாத் தோரணமுமாக ஓடும். எங்கள் பஸ் மட்டும் மொட்டையாக ஓடியது. முதலாளிக்கு அதில் மனக்குறைதான். ஆனாலும் பராக்கை அவர் விடவில்லை. அந்த வண்டியின் என்ஜின் வேறு யார் கைக்கும் கிளம்பாது. பராக்கு பானெட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, எதையோ ஒரு தட்டுத் தட்டினால் கிளம்பும்.

இப்படியே போயிருக்கும். விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு டூரிங் டாக்கீஸ்காரர் பனைமர உயரத்துக்கு ஒரு தட்டி நட்டார். பலகையில் வரைந்து வெட்டிய பெண்ணுருவம். வரைந்ததோடு விட்டிருக்கலாம். புடவை முழுவதும் சம்கித் தகடுகளை ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தால் அந்த அம்மாளின் புடவை தலைப்பிலிருந்து கரை வரைக்கும் மினுமினுத்து ஓடும்.

முதல் நாள் அதைப் பார்த்தபோது பராக்கின் கால் தன் வழக்கப்படி எழும்பவில்லை. காலும் சேர்ந்து பார்த்தது போலிருக்கிறது. பஸ் சாலையை விட்டு இறங்கி, இரண்டு புளியமரங்களுக்கு நடுவில் பூனை போலப் புகுந்து, ஒரு மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலைக் கொல்லையில், போய் நின்றது. யாருக்கும் காயம் இல்லை. நாங்கள் சாலையில் இல்லை என்பது எங்களுக்குத் தெரிவதற்கே சற்று நேரமாயிற்று. கொல்லைக்காரியான ஓர் அம்மாள் களைக்கொட்டும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏன்யா, ரோடு அங்க இருக்குது. உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுதுங்கம்மா," என்றார் பராக்கு. "ரோடு எங்க போயிடப் போவுது? அதுதான் மினுக்கிக்கினு இருந்துச்சு."

அந்த அம்மாள் அவர் காட்டிய பக்கம் திரும்பினாள். அவளும் சிறிது நேரம் பார்த்தாள். பிறகுதான் திட்ட ஆரம்பித்தாள்.

அன்று மாலை முதலாளி என்ன சொன்னார் என்பதைக் காதர் பாய் சொல்லிக் கேட்டேன். இன்னொரு தடவை வண்டி சாலையை விட்டு இறங்கினால் பராக்கு ஷெட்டில் டயர் கழுவப் போகலாம், என்ஜினைத் தட்ட மட்டும் கூப்பிடுவோம் என்றாராம். மறுநாள் வண்டி ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அவர் இருக்கையில் உட்கார்ந்து, ஓடாத வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அவருக்குப் பதினாறு வயதில் கிடைத்த இடம் அது என்றார் காதர் பாய். "டயரு கழுவச் சொன்னா இந்த ஆளு செத்துப் பூடுவாரு சார். அதை வாயால சொல்லவும் மாட்டாரு. பேஜாரு."

வழி சொன்னவர் ஜட்கா மாணிக்கம். திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டியவர். குதிரை போய்விட்டதால் அப்போது சும்மா இருந்தார். பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பராக்கின் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், குதிரை வாங்குகிறவர் பார்ப்பது போல.

"குதிரைக்குக் கண்ணு கெட்டுப் போச்சுன்னா மறைக்கறோம்? நல்லா இருக்குது, அதனால மறைக்கறோம்," என்று சொல்லிப் போனவர், தம் குதிரையின் கண்ணுக்கு இரு பக்கமும் கட்டியிருந்த தோல் மறைப்பைக் கொண்டுவந்தார். வாருடன் கூடிய, உள்ளங்கை அகலத் தோல் துண்டுகள் இரண்டு. வாரில் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் ஒன்று தொங்கியது. காதர் பாய் முதல் காரியமாக அதை அறுத்து எறிந்தார்.

பராக்கு அதைக் கட்டிக்கொண்டு ஓட்டிய முதல் நாள் பஸ்ஸில் பலர் வேண்டுதல் செய்துகொண்டார்கள். பஸ் நூல் பிடித்தாற்போல் ஓடியது. எருமையைக் கண்டு அவரே ஒதுக்கினார். மினுக்கும் அம்மாளைத் தாண்டியபோது அவருக்கு அவள் இருந்ததே தெரியவில்லை. விழுப்புரத்தில் நாங்கள் குறித்த நேரத்துக்கு இறங்கினோம். எங்கள் அலுவலகத்துப் பியூன் என்னைப் பார்த்துவிட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுகிறதா என்று காதை வைத்துப் பார்த்தான்.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். ஒன்றை யாரும் யோசிக்கவில்லை. பஸ்ஸுக்குள் கண்ணைக் கவரக்கூடியதையெல்லாம் மூடிவைத்த நாங்கள், அந்தச் சாலை இதுவரை கண்டிராத ஒன்றை பஸ்ஸின் முன்னால் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு போனோம். காக்கிச் சட்டையும் பெரிய மீசையும் குதிரைக் கண்மறைப்புமாக ஒருவர் எதிரே வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கரும்பு வண்டிக்காரர் பார்த்தார். வண்டி வாய்க்காலில் இறங்கியது. தபால்காரர் பார்த்தார், சைக்கிள் புளியமரத்தில் முடிந்தது. விக்கிரவாண்டியில் சவரத்துக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தவர் பார்க்கவில்லை, ஆனால் சவரம் செய்தவர் பார்த்தார். போட்டிப் பஸ்ஸின் டிரைவர் எங்களைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்துக்கொண்டே போய் ஒரு வைக்கோல் பாரத்துக்குள் முகத்தை நுழைத்தார். அது வைக்கோலாக இருந்தது எல்லோருடைய அதிர்ஷ்டம். பராக்குக்கு இவை எதுவும் தெரியாது. அவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சாலை சரிந்துகொண்டே வந்தது.

புகார்கள் போயின. வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரியை எங்கள் பக்கத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் ஒருநாள் விக்கிரவாண்டிக்கு அப்பால் நின்று கையைக் காட்டினார். கட்டை வண்டியில்கூடக் குற்றம் கண்டுபிடிப்பவர் என்று பெயர் எடுத்தவர். எங்கள் பஸ்ஸில் அவருக்கு அவ்வளவு சிரமம் தேவையில்லை. முன்விளக்குகளில் ஒன்று குருடு. ஹார்னின் ரப்பர் கிழிந்து, அதன் வேலையைக் காதர் பாயின் தொண்டை பார்த்துவந்தது. கை பிரேக் என்பது ஒரு கருங்கல். இன்ஸ்பெக்டரின் கண் எதிரிலேயே காதர் பாய் அதைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். இன்ஸ்பெக்டர் எதையும் பார்க்கவில்லை. பராக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு, குருட்டு விளக்கின் மேல் ஒரு கையை ஊன்றி நின்றார்.

"என்னய்யா இது?"

"கண்ணு மறைப்புங்க."

"எதுக்கு?"

"பாக்காம இருக்கறதுக்குங்க."

"டிரைவர் பாக்க வேணாமா?"

"ரோட்டைப் பாக்கறேங்க. மத்ததைப் பாக்காம இருக்கறதுக்குங்க."

அந்த மறைப்பு இல்லாமல் சாலையைப் பார்க்க முடியாதவன் டிரைவரே அல்ல என்றார் இன்ஸ்பெக்டர். அதைக் கழற்றி வாங்கிக்கொண்டு பராக்குக்கு இடது பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "விழுப்புரம் வரைக்கும் ஓட்டு. வண்டி ஒரு தடவை ஒதுங்கினாலும் உன் லைசென்ஸ் என் பைக்கு வந்துடும்."

முன்னால் மினுக்கும் அம்மாள் இருந்தாள். அன்றைக்கு நல்ல காற்று.

காதர் பாய் சொல்லாமலே எல்லோரும் குடங்களை மூடினார்கள். மிராசுதார் தாமாகவே தலையைப் போர்த்திக்கொண்டார். பராக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். ஆரஞ்சுப் பூச் சுமந்த ஒரு பெண் போனாள். அவர் கண்கள் துடித்தன, போகவில்லை. ஒரு மீன்கொத்தி குறுக்கே பறந்தது. போகவில்லை. அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்திருந்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன். தாண்டிவிடுவார் என்றுகூட எனக்குத் தோன்றியது.

இன்ஸ்பெக்டருக்கு அந்தத் தோல் மறைப்பு மடியில் இருந்தது. அதைப் புரட்டினார். வாரை இழுத்துப் பார்த்தார். இதைக் கட்டிக்கொண்டால் சாலை எவ்வளவு தூரம் தெரியும் என்று சோதிக்கவேண்டியது தம் கடமை என்று நினைத்தாரோ என்னவோ, தொப்பியின் மேலேயே அதை மாட்டி, வாரைத் தாடைக்குக் கீழே கட்டிக்கொண்டு, முன்பக்கம் குனிந்து பார்த்தார்.

கண்ணாடியில் பராக்கின் கண்கள் இடது பக்கம் போவதை நான் பார்த்தேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியில் இருந்த அத்தனை பேருடைய கண்களும் அங்கேதான் இருந்தன.

பஸ் மெதுவாக இடது பக்கம் சாய்ந்து, சாலையை விட்டு இறங்கி, ஒரு கேப்பைக் கொல்லையில் நின்றது. இன்ஸ்பெக்டருக்கு நேர் எதிரில் இருப்பது மட்டும்தான் தெரியும். நேர் எதிரில் கேப்பைக் கதிர்.

"ரோடு எங்கய்யா?" என்றார்.

கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். ஒருத்தி மற்றவர்களைக் கூப்பிட்ட குரல் எங்களுக்கெல்லாம் கேட்டது. "அடியே, இங்க வந்து பாருங்கடி. ஆபீசரைப் பூட்டிக்கினு வந்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் வாரை அவிழ்ப்பதற்குள் அவர்கள் வட்டமாக வந்து நின்றுவிட்டார்கள். அவர் முகம் சிவந்து, பேனாவைத் திறந்து, டிரைவர் கவனம் சிதறி வண்டியை இறக்கினார் என்று எழுதப் போவதாகச் சொன்னார். பராக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். கை விடவில்லை. அப்போது காதர் பாய் முன்னால் வந்து மிக மரியாதையாகக் குனிந்தார்.

"எழுதுங்க சார். டிரைவரு இன்னாத்தைப் பாத்தாருன்னும் எழுதணுமில்லீங்களா? நாங்க அத்தினி பேரும் பாத்தோம். கையெழுத்தும் போடுறோம்."

மிராசுதார் தலையிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்துவிட்டு, முதல் கையெழுத்து தம்முடையது என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கேப்பையைப் பார்த்தார். பிறகு மறைப்பைப் பராக்கின் மடியில் போட்டு, "இதைக் கட்டக் கூடாதுன்னு ரூல்ல எங்கயும் இல்ல. கட்டிக்க," என்று சொல்லி இறங்கிவிட்டார். அவர் வேறு பஸ்ஸுக்குக் காத்திருந்தார் என்று கேள்விப்பட்டேன். கொல்லைக்குள் போன விஷயம் முதலாளிக்குப் போனபோது, அதிகாரியே கூட இருந்தார் என்ற தகவலும் சேர்ந்து போயிற்று. ஷெட், டயர் என்ற பேச்சு அதோடு நின்றது.

சாலையும் பழகிக்கொண்டது. சில வாரங்களில் வண்டிக்காரர்கள் தலையைக்கூடத் தூக்குவதில்லை. பராக்கின் தோல் மறைப்பு பஸ்ஸின் சக்கரத்தைப் போல ஒன்றாகிவிட்டது.

விழுப்புரம் ஸ்டாண்டில் நின்றதும் அவர் அதை அவிழ்ப்பார். நெற்றிப்பொட்டுகளில் வார் பதிந்த தடம் இருக்கும். இறங்கப் போகிறவர்களைப் பார்த்து, "இன்னிக்கு வழியில இன்னாங்க போச்சு?" என்று கேட்பார். முதல் தடவை என்னைக் கேட்டபோது ஒன்றும் இல்லையே என்றேன். உண்மையும் அதுதான். நான் செய்தித்தாள் படித்துக்கொண்டு வந்தேன்.

"ஒண்ணுமே இல்லாம எப்படிங்க இருக்கும்? அவ்ளோ தூரம் வந்திருக்கோம்," என்றார். குறையாகச் சொல்லவில்லை. நம்பவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் செய்தித்தாளை மடித்துவைத்தேன். மயிலம் பக்கம் ஒரு காவடி போவதைப் பார்த்து வந்து சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது பக்கம் என்றேன். நின்ற வண்டியில் உட்கார்ந்தபடியே முகத்தை இடது பக்கம் திருப்பி, அங்கே இருந்த சைக்கிள் கடைச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு விழுப்புரத்துக்கே வீடு மாற்றும் வரையில், தினமும் ஏதாவது ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். மிராசுதாரும் கொடுத்தார். காதர் பாய் சொல்வதில் பாதி பொய். பராக்குக்கு அதுவும் தெரியும், இருந்தாலும் சொன்ன பக்கம் திரும்பிப் பார்ப்பார்.

அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எந்த ஊர் என்று சொன்னவருக்கும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு வேலையாகத் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனேன். கிளியனூர் தாண்டி, ஒருவன் சைக்கிளின் பின்னால் ஓர் ஆள் உயர நிலைக்கண்ணாடியைக் கட்டிக்கொண்டு போனான். தென்னந்தோப்பு ஒன்று முழுதாக அதற்குள் ஆடிக்கொண்டே போயிற்று. இறங்கும்போது டிரைவர் பக்கம் போய் நின்றுவிட்டேன். யாரோ ஓர் இளைஞர். "இன்னா சார்?" என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லி இறங்கினேன்.

பராக்குக்கு யாராவது இதைப் படித்துக் காட்டினால், அந்தக் கண்ணாடி போனது வலது பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடவும்.